தண்டவாள ஆணியில் ஒரு தளிகைக் கத்தி

என் மாமனார் வெங்கடராகவனுக்குக் காஸ் அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது. லைட்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஒருமுறை என்னைக் கேட்டார். அப்பேர்ப்பட்டவர் ரிட்டயர் ஆன பிறகு கொல்லுலைக்கு முன்னால் நின்று இரும்பைக் காய்ச்சி அடித்தார் என்றால் அவரோடு வேலை பார்த்தவர்களே நம்பமாட்டார்கள். நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

செங்கல்பட்டில் ரயில்வே பண்டகசாலையில் குமாஸ்தாவாக இருந்தார். சேர்ந்ததும் அங்கே, ஓய்வு பெற்றதும் அங்கே. தண்டவாளம், மரக்கட்டை, ஆணி, போல்ட், கொடி, லாந்தர் என்று பாதைக்கு வேண்டிய சாமான்களைச் சரிபார்த்து வாங்கிச் சரிபார்த்துக் கொடுக்கிற வேலை. மனிதர் ரொம்ப நேர்மை. அந்த நேர்மையோடு குடித்தனம் நடத்துவது கொஞ்சம் கஷ்டம். ஆபீஸ் பேனாவை மறந்துபோய்ச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க உச்சி வெயிலில் மறுபடி நடந்து போவார். பேச்சு குறைவு. ரயிலைப் பற்றி என்றால் மட்டும் வாய் திறக்கும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து நிறுத்துகிற ஆணி ஒன்றைக் காட்டி, "இத்தனூண்டு சாமான், ஒரு மெயில் வண்டியையே தாங்கறது பாரு" என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

மாமியார் செங்கமலம் அவருக்கு நேர்மாறு. வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. விடியற்காலையில் குளித்துவிட்டு அடுக்களைக்குள் போனால் பெருமாளுக்குத் தளிகை முடிகிறவரை அங்கே யாருக்கும் இடமில்லை. எங்கள் வீடுகளில் பெருமாளுக்கென்று சமைப்பதைத் தளிகை என்போம். அவருக்குக் காட்டிய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. ஸமாச்ரயணம் ஆனவர்கள், அதாவது ஆசாரியரிடம் தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கிக்கொண்டவர்கள்தான் அதைச் செய்யலாம். எனக்கு ஆகவில்லை. நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. பொழுது விடிந்ததும் வாசலில் வேன் வந்து நின்றுவிடும். அந்த அடுக்களையில் காபி டிகாஷனுக்கு மேல் எனக்கு அதிகாரமில்லை. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் மாமியார் கொல்லைப்புறப் பாசியில் வழுக்கி விழுந்தார். முழங்கால் மூட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். "நடக்கலாம், நிற்கலாம். ஆனால் தரையில் உட்காரவே கூடாது, இனிமேல் எப்போதும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, கடைசியில், "தை மாசத்துக்குள்ள சரியாயிடுமோல்லியோ?" என்று கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டை என் வீட்டுக்காரர் சீனுவிடம் கொடுத்தார்.

நிற்கமுடிகிறவருக்குச் சமைப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அரிவாள்மணைதான் கஷ்டம். அவர் பிறந்து வளர்ந்த திருவிடந்தையிலிருந்து சீரோடு வந்த அரிவாள்மணை அது. ஒரு காலை மடித்து, மற்றதால் பலகையை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தால்தான் அதில் நறுக்க முடியும். மேடைமேல் வைத்துப் பார்த்தார். மிதித்துப் பிடிக்கக் கால் இல்லாததால் அது நகர்ந்து உள்ளங்கையைக் கிழித்தது. நான் நறுக்கித் தருகிறேன் என்றேன். "நறுக்கறதும் தளிகைதான்டீ விஷாகா" என்றார். மாமனார் ஒருநாள் தானே தளிகை பண்ணுவதாக உள்ளே போனார். அன்றைக்குப் பாத்திரம் கரிந்த வாசனை தெருமுனைவரை போனது.

சீனு சென்னையிலிருந்து பளபளவென்று ஒரு ஸ்டீல் கத்தியும் பலகையும் வாங்கி வந்தார். மாமியார் அதைத் தொடவில்லை. கையில் பிடித்து அறுக்கிற கத்தி மாமிசத்துக்கானது என்பது அவர் பிறந்த வீட்டில் சொல்லி வைத்தது. "கடைக்காரன் எதை அறுத்துப் பார்த்தானோ, யார் கண்டா?" என்றார். டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லையே என்று நான் எரிந்து விழுந்தேன். அவருக்குக் கத்தி பிரச்சினையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அதை வாங்கி மேடைமேல் வைத்துவிட்டால் இனி தரையில் உட்காரப்போவதில்லை என்றாகிவிடும். அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

நறுக்காமல் ஆகிற கலந்த சாதத்தை மட்டும் காட்ட மாமியாருக்கு மனசு வரவில்லை. பெருமாளுக்குப் பாலும் பழமும் மட்டும் நடந்தது. அடுக்களை என் கைக்கு வந்தது. மாமியார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நான் தாளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். குறை ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் மாமனாரிடம், "என் ஆத்துல பெருமாள் பட்டினி கிடக்கார். நான் எதுக்குன்னா உயிரோட இருக்கேன்?" என்று கேட்டார். மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் போன இடம் கிஃபாயத்துல்லா பாயின் பழைய இரும்புக் கடை. விழுப்புரம் பக்கம் மீட்டர்கேஜ் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டதில் கழித்துப்போட்ட இரும்பு ஊரெங்கும் இறைந்து கிடந்த சமயம் அது. ஆணிகள் பாயின் கடையில் குவியலாக இருந்தன. பிறகு பாயே அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார்.

"இது ஏலத்துல எடுத்ததுதானே பாய்? களவு சாமான் இல்லையே?"

"ஐயரே, உங்க ஆபீஸ்லதான் ஏலம் வுட்டாங்கோ. நீங்கதான் அப்போ சீல் வெச்சீங்கோ."

"சரி. இது பாசஞ்சர் லைன் ஆணியா, கூட்ஸ் லைன் ஆணியா?"

"ஆணில இன்னா எழுதியா கீது? அத்த தெரிஞ்சு இன்னா செய்யப்போறீங்கோ?"

மாமனாருக்கு அது முக்கியம். பாசஞ்சர் வண்டிக் கக்கூஸெல்லாம் தண்டவாளத்தில்தான் திறந்திருக்கும். சரக்கு வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. குவியலைக் கிளறி, சரக்கு வண்டிகள் நிற்கிற சைடிங்கில் பூசுகிற தார் ஒட்டியிருந்த ஆணிகளாகப் பொறுக்கி எடுத்தாராம். பாய் மறுக்க மறுக்க, அதற்கு ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

அவர் கணக்கு எளிமையானது. கடைக் கத்தியின் பூர்வோத்தரம் தெரியாது. தானே அடித்த கத்தியானால் பிறப்பிலிருந்து தெரியும். இரும்போ ரயில் இரும்பு. மெயில் வண்டியைத் தாங்கியது வாழைக்காயைத் தாங்காதா? ரயில்வேயில் காலம் கழித்த ஒருவர்தான் இப்படி யோசிக்க முடியும்.

மாமல்லபுரத்தில் சிற்பிகளுக்கு உளி அடித்துத் தரும் பட்டறைகள் நிறைய உண்டு. கல்லில் அடித்து அடித்து உளி மழுங்கிப் போகும். அதை உலையில் காய்ச்சி முனை எடுத்துத் தரவேண்டும். அந்த வேலைக்கு ஓய்ச்சலே கிடையாது. அப்படி ஒரு பட்டறை வைத்திருந்தவர் சின்னராசு. நாற்பது வயதுக்காரர், எந்நேரமும் வாயில் ஒரு பாட்டு. நாமமும் பஞ்சகச்சமுமாக ஒருவர் துணிப்பையில் ஆணியோடு வந்து, "எனக்குக் கொல்லு வேலை கத்துக்கணும்" என்றதும் அவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"சாமி, ஊட்ல எதுனா சண்டையா?"

"அதெல்லாம் இல்லை. இந்த ஆணியில ஒரு கத்தி பண்ணணும். நானே பண்ணணும்."

சின்னராசு ஆணியை நெருப்பில் போட்டு எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "பழகறதுக்கு நல்ல இரும்பு. தாராளமா அடி" என்றார். கத்தி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ரிட்டயர் ஆன சாமி பொழுதுபோகாமல் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். நறுக்குவதற்கு நல்லதா என்று இவரும் கேட்கவில்லை. "நல்ல இரும்பு" என்ற வார்த்தையோடு சந்தோஷமாகப் பஸ் ஏறிவிட்டார்.

அதிலிருந்து தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தார். முதல் ஆணியைச் சிவப்பு மங்கிய பிறகும் விடாமல் அடித்து விளிம்பெல்லாம் வெடிக்கவிட்டார். இரண்டாவதை அடித்ததில் அது கரண்டிக் காம்பு மாதிரி ஒருபக்கம் மெலிந்து ஒருபக்கம் தடித்தது. "நெறம் போச்சுன்னா கைய எடுத்துடு சாமி. அதுக்கப்புறம் அடிச்சா இரும்புக்கும் நோவு, உனுக்கும் நோவு" என்பாராம் சின்னராசு. மணிக்கட்டு வீங்கி வீட்டுக்கு வருவார். மாமியார் கேட்டால் நூலகத்துக்குப் போனேன் என்பார். நூலகத்தில் வேட்டி எப்படிப் பொத்தல் பொத்தலாகும் என்று மாமியார் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிற மனநிலையே இல்லை.

கடைசியில் ஒரு கத்தி உருவானது. ஆணியின் தலையை அப்படியே விட்டு, பிடியைக் காய்ச்சி முறுக்கி, மற்ற பாகத்தைத் தட்டையாக்கி அரத்தால் ராவி வாய் எடுத்திருந்தார். காய்ச்சிய கத்தி இறுகுவதற்காக அதைத் தோய்த்தெடுக்கச் சின்னராசு லாரி எஞ்சின் எண்ணெய் வைத்திருந்தார். மாமனார் அதில் தோய்க்கமாட்டேன் என்று வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுபோனார். பட்டறை முழுக்க வடை சுடுகிற வாசனை வந்து, பக்கத்துச் சிற்பிகளெல்லாம் எட்டிப் பார்த்தார்களாம்.

அதைப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மாமியார் மடியில் வைத்தார்.

"என்னன்னா இது, கைமுறுக்கு மாதிரி?"

"கத்தி. நானே அடிச்சேன். ரயில் ஆணியில."

மாமியார் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ரயில்ல கக்கூஸ் எங்க விழறது?"

"இது கூட்ஸ் லைன் ஆணி. அதோட, அக்கினியில போய் வந்தாச்சு. அதுக்கு மேல என்ன சுத்தம் வேணும்?"

"அக்கினியும் ஆச்சு, நீங்களும் ஆச்சு" என்றார் மாமியார். ஆனால் கத்தியை மடியிலிருந்து எடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அடுக்களையில் விளக்கு எரிந்தது. மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு கொத்தவரங்காய் நறுக்கினார். வீட்டில் மணியோசை கேட்டது. நான் வேனில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துச் சீட்டுக்காரி ஆபீஸில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் சாப்பாட்டில் காய்கறி நின்றுபோனது. ஒருநாள் புளியோதரை, ஒருநாள் பருப்புச்சாதம், ஒருநாள் ததியோன்னம் என்கிற தயிர்சாதம், மறுபடி புளியோதரை. நான்கூட, மாமியாருக்குப் பழைய உற்சாகம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மாமனார் போட்டதைச் சாப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களைக்குள் போய்க் கத்தியை எடுத்து விரலால் தடவினார். வாய் முழுக்க ஒருபக்கமாக மடங்கியிருந்தது. கல்லில் தேய்த்து ஒரு வாழைக்காயை அறுத்தார். சரியாக வந்தது. சேனைக்கிழங்கை அறுத்தார். மறுபடி மடங்கிவிட்டது.

"எப்போலேர்ந்து இப்படி?" என்றார்.

"நன்னாதான்னா இருக்கு. கொஞ்சம் அழுத்தணும், அவ்வளவுதான்."

"செங்கமலம்."

"நசுங்கறது" என்றார் மாமியார், மெதுவாக. "நறுக்கற மாதிரி இல்லை, பிழியற மாதிரி இருக்கு. உங்க கையைப் பார்த்துட்டு நான் எப்படிச் சொல்றது?"

அன்று முழுக்க மாமனார் கத்தியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் காபி கொடுக்கப் போனபோது எனக்கு விளக்கம் கிடைத்தது. பண்டகசாலைக்குத் திரும்பி வந்த ஆணிகளில் வளைந்ததைப் பார்த்திருக்கிறார், ஒடிந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டி போகும்போது கட்டை அமுங்கி எழும்; ஆணி இறுகிய இரும்பாயிருந்தால் பட்டென்று ஒடியும், வண்டி கவிழும். வளைந்து கொடுக்கட்டும் என்றுதான் மெத்தென்ற இரும்பில் அதைச் செய்கிறார்கள். நல்லெண்ணெயில் தோய்த்தாலும் நெய்யில் தோய்த்தாலும் அது இறுகாது. "இத்தனை வருஷம் கையில வெச்சிண்டிருந்தேன். ஏன் ஒடியலைன்னு ஒருநாள் யோசிச்சேனா?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தேன்.

சின்னராசுவிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் அவருக்குக் கத்தி எதற்கென்று தெரிந்தது. "மின்னியே சொல்லியிருக்கலாமே சாமி. ஆணிய பொளந்து வாயில எஃகு வெச்சு ஒட்டி அடிச்சா, ஜம்முனு கத்தி. ஸ்பிரிங் பட்டை இங்கியே கீது."

"எந்த வண்டி ஸ்பிரிங்?"

"கோவளத்துல மீன் ஏத்தற லாரி. ஏன்?"

மாமனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கிருந்து வந்தது, எதைத் தொட்டது என்று பிறப்பிலிருந்து தெரிந்த எஃகு வேண்டும். அப்படி ஒன்று வீட்டிலேயே இருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சீனுவுக்கும் தெரியும். அடுக்களை மூலையில் சுவரைப் பார்த்து மடக்கி வைத்த அரிவாள்மணை. மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் தடவி, துணி சுற்றி வைப்பார். நாளைக்கே உட்கார்ந்துவிடப் போகிறவர் மாதிரி. அதைப் போய் எப்படிக் கேட்பது? நான் கேட்டுவிடுகிறேன் என்று சீனுவிடம் சொன்னேன். எனக்கு இந்த ஊமை நாடகமெல்லாம் ஒத்துவராது. "அப்பாவே கேக்கலை, நீ வாயை மூடிண்டு இரு" என்றார். ஆளாளுக்கு அந்த மூலையைப் பார்க்காமல் நடமாடினோம். புளியோதரை தொடர்ந்தது.

கடைசியில் யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தடவுகிற நேரத்தில் மாமியார் என்னைக் கூப்பிட்டு அரிவாள்மணையைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். துணியைப் பிரித்தார். எண்ணெய் தடவவில்லை. மாமனார் பக்கம் தள்ளினார்.

"சின்னராசு எஃகு வெச்சு அடிக்கணும்னு சொன்னாராமே, விஷாகாகிட்ட சொன்னேள். இதுல இருக்கறது நல்ல எஃகு. எங்கம்மா கொடுத்தது. இது எதை நறுக்கித்துன்னு நேக்குத் தெரியும்."

"வேண்டாம் செங்கமலம். முழங்கால் கொஞ்சம் சரியானா நோக்கே வேண்டியிருக்கும்."

"ஆகாதுன்னா. டாக்டர் அன்னிக்கே சொல்லியாச்சு. நான்தான் காதுல போட்டுக்கலை."

இதைச் சொல்லிவிட்டு மாமியார் அழுதார். மாடியேறும்போது, சேலை மாற்றும்போது, பாத்ரூமில் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒருநாளும் அழாதவர், அன்றைக்கு வாய்விட்டு அழுதார். மாமனார் அரிவாள்மணையைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. தானும் வருவேன் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால் வாடகைக் கார் வைத்துக்கொண்டு எல்லோரும் மாமல்லபுரம் போனோம். சின்னராசு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து உலைக்குப் பக்கத்தில் போட்டார். அரிவாள்மணையின் அலகை வெட்டி ஒரு பட்டையாக எடுத்தார். வெட்டும்போது மாமியார் வேறு பக்கம் பார்த்தார். புது ஆணி ஒன்றைக் காய்ச்சி நீளவாக்கில் வாய் பிளந்து, பட்டையை அதன் நடுவில் வைத்து இறுக்கினார். அதற்கு மேல் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

"சம்மட்டி நான் போடறேன். ஆனா நெருப்புல வெச்சு எடுக்கறது நீதான் சாமி. எஃகு கொஞ்சம் அதிகமா காஞ்சா மத்தாப்பு மாரி பொரிஞ்சு உதிந்துடும். அம்மாவூட்டு சாமான். என் கையால அத்த எரிக்கமாட்டேன்."

"எவ்வளவு காயணும்?"

"பொறி பறக்கறதுக்கு மின்னாடி எடுக்கணும். பதம்தான். சொல்லத் தெரியல, பாத்தா தெரியும்."

மாமனார், இரும்பும் எஃகும் ஒட்டுவதற்காக வெங்காரப் பொடியைத் தூவிக் கத்தியை உலையில் வைத்தார். முதல்தடவை பயந்துபோய்ச் சீக்கிரம் எடுத்துவிட்டார். சின்னராசு அடித்ததும் பட்டை ஒட்டாமல் விலகிக்கொண்டது. மறுபடி வெங்காரம், மறுபடி நெருப்பு. இருந்ததே அந்த ஒரு பட்டைதான். மிச்ச அலகு வளைவும் ஓட்டையுமாக எதற்கும் உதவாது. இது எரிந்தால் அரிவாள்மணையும் போயிற்று, கத்தியும் போயிற்று. நான் சீனுவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. மாமனார் எடுக்கப் போனார்.

"இருங்கோ" என்றார் மாமியார். நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பாகு வரலை. மேல ஈரம் தட்டலை பாருங்கோ."

மாமனார் நின்றார். சின்னராசு சம்மட்டியைத் தூக்கியபடியே மாமியாரைப் பார்த்தார். இரும்பின்மேல் வெங்காரம் உருகிப் பளபளவென்று, வெல்லப்பாகு கொதிக்கிற மாதிரி ஒரு வழவழப்பு ஓடியது.

"இப்போ. எடுங்கோ."

எடுத்தார். சின்னராசு அடித்தார், இவர் திருப்பினார், அவர் அடித்தார். ஆணியும் எஃகும் ஒட்டிக்கொண்டன. பிடிப்பக்கம் மட்டும் சிறிதாக ஒரு கோடு தெரிந்தது, அங்கே பிடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் ஒரே இரும்பு. சின்னராசு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க நாளையிலேர்ந்து இங்க வேலைக்கு வந்துடுங்க. சாமி ஊட்ல சோறாக்கட்டும்" என்றார். மாமியார் வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.

தோய்த்து, ராவி, சாணை பிடித்து வீட்டுக்கு வர இன்னும் சில நாட்கள் ஆயின. வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறிவேப்பிலை வாசனையில்தான் கண் விழித்தேன். மாமியார் மேடைக்கு முன்னால் நின்று சேனைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டுகள் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன. சாம்பார், சேனை வறுவல், அவரைக்காய்க் கறி என்று புளியோதரைப் பஞ்சமெல்லாம் அன்றைக்கே தீர்ந்தது. பெருமாளுக்குக் காட்டியாயிற்று. மணி அடித்தபோது மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் தரையில் பலகை போட்டு, இலை போட்டுத்தான் சாப்பிடுவார். சீனு வாங்கிப்போட்ட மேஜையில் பத்திரிகைகளும் என் ஆபீஸ் பையும்தான் கிடக்கும். மாமியார் பரிமாறுவார், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனக்குப் போட்டுக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்தது அதுதான். கால் ஒடிந்த பிறகு நான் குனிந்து பரிமாறினேன். அன்றைக்கும் நான் பலகையைப் போட்டேன். மாமியார் என்னை நகரச்சொல்லிவிட்டுத் தானே சாதப் பாத்திரத்தோடு வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். இலை வரை கரண்டி எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். முகம் வலியில் சுருங்கியது.

மாமனார் எழுந்துவிட்டார். இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் மேஜையில் வைத்தார். பத்திரிகைகளை ஒதுக்கினார். அடுக்களைக்குள் போய் இன்னொரு இலை எடுத்துவந்து எதிர்ப்பக்கம் போட்டார்.

"இது யாருக்கு?" என்றார் மாமியார்.

"நோக்கு."

"நீங்க முதல்ல ஆகட்டும். நான் அப்புறம்."

"நீ உட்காராம நான் உட்காரப்போறதில்லை."

மாமியார் சீனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு இலைக்கும் நான் பரிமாறினேன். மாமனார் சாப்பிட ஆரம்பித்தார். மாமியார் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு அப்படியே நிறுத்தினார். ஏதாவது உப்பு கூடிவிட்டதோ என்று நான் பயந்தேன்.

"சூடா இருக்கு" என்றார். "என் தளிகையை நான் சூடா சாப்பிட்டதே இல்லை."